அன்று அழுத்தாத கை

இன்று காலை தொம்மலூர் சமுதாயக் கூடத்தில் புதுக் கட்டுத்துணிகளைப் பிரித்தேன். கஞ்சி வாசனை அடித்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. புதுக் காக்கிச் சட்டை தைத்தால் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தானே ஆட்டோவில் ஏறுவாய்.

பைக்கிலிருந்து விழுந்து கிடந்த ஒருவனுக்காக ஒருமுறை நீ வண்டியை நிறுத்தினாய். பின்னால் என் ஆட்டோ. "போலீஸ் கேஸாயிடும், வாடா" என்று ஹாரன் அடித்தேன். "அவனுக்கும் வீட்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்கடா" என்றாய். அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய்.

உனக்கு அடிபட்டபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். நம் ஸ்டாண்டை உரசிக்கொண்டு போன டெம்போவிலிருந்து சரிந்த தகரம் உன் தொடையைக் கிழித்தது. ரத்தம் கொட்டியது. கூட்டத்தில் யாரோ தண்ணீர் கொடுக்கச் சொல்லி "நீரு கொடி" என்று கன்னடத்தில் கத்தினார்கள். பாட்டிலைத் திறந்து உன் வாயில் தண்ணீர் ஊற்றினேன். முகத்தைத் துடைத்தேன். உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். காயத்தில் மட்டும் கை வைக்கவில்லை. உனக்கு வலிக்குமே என்று பயந்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது உனக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை நீ.

சில மாதம் கழித்து முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். "ரத்தம் கொட்டினா துணியை வெச்சு நல்லா அழுத்துங்க. வலிக்குதுன்னு கத்தினாலும் விடாதீங்க" என்றார் சொல்லிக்கொடுத்த நர்ஸ். அவ்வளவுதான் காரியம். எழுந்து வெளியே வந்துவிட்டேன். மறுநாள்தான் திரும்பிப் போக முடிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சொல்லிக்கொடுக்கிறேன், நம் ஸ்டாண்ட் ஆட்களுக்கும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கும்.

இன்று முதல் வரிசையில் உன் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் அழுத்திக் காட்டி முடித்ததும் கேட்டாள்: "அண்ணா, அன்னிக்கு யாராவது இப்படி அழுத்தியிருந்தா அவர் பொழச்சிருப்பாரா?"

"தெரியலம்மா. நான் பக்கத்துலதான் இருந்தேன். அழுத்தல."

இத்தனை நாள் இதை அவளிடம் சொல்லாமல் இருந்தேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு எழுந்து வந்தாள். ஒரு துணியை மடித்து என் முன்கையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"இவ்ளோ போதுமா?"

"இன்னும்."

அழுத்தினாள். எலும்புவரை வலித்தது. கண்ணைத் துடைக்கவும் அவள் கையை எடுக்கவில்லை.

இதை எழுதும்போதும் அவள் அழுத்திய இடம் சிவந்தே இருக்கிறது.