ஏழு மணிக்கு அணைக்கப்படும் கணினி

அக்டோபர் 14, செவ்வாய்

காலை முதல் மழை. கச்சேரி சாலையில் கணுக்கால் வரை நீர்.

என் பெயர் லூ. இருதயராஜ்; வயது ஐம்பது; கணித ஆசிரியர். இக்குறிப்புகளின் நோக்கம் ஒன்றே: கூடத்துக் கணினியின் இயக்கத்தையும் பழுதையும் பதிவு செய்தல். ஜூலை இடியில் ரௌட்டர் கருகியது. பழைய கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு பொருத்தி இணைப்பை அதன் வழியே பகிர்ந்திருக்கிறேன். மாடியில் தம்பி சேவியர் வீட்டுக்குப் படிக்கட்டு ஜன்னல் வழியாக ஒரு கேபிள்; அங்கே வைஃபை பெட்டி. கணினி அணைந்தால் இரு வீட்டுக்கும் இணையம் இல்லை.

விதி: செபமாலை மாதமான அக்டோபர் முழுவதும் மாலை ஏழு முதல் எட்டு வரை கணினி அணைக்கப்படும். கைப்பேசியைத் தடவிக்கொண்டே செபம் சொல்வதை நான் அனுமதிப்பதில்லை.

இன்று செபத்துக்கு அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் வந்திருந்தன. செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது மாடியில் கனமாக ஏதோ விழுந்த ஓசை. என் மனைவி பிலோமினா கண் திறந்தாள். "பீரோவ நகத்துறான் போல" என்றேன். தொடர்ந்தோம். மழைக்கு மேலாகக் கேட்க வேண்டுமென்று பாட்டைச் சற்று உரக்கவே பாடினோம்.

வாங்க: கேபிள் கிளிப், கொசுவத்தி, சிவப்பு மை.

அக்டோபர் 15, புதன்

தூறல். கேபிள் முனை துரு. மாற்ற மாடிக்குச் சென்றேன். கதவைத் திறந்தவள் சேவியரின் மனைவி கிரேஸ். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கதவுல இடிச்சிக்கிட்டேன் மாமா."

வேலை முடிந்து இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள். "ஏழு மணிக்கு நெட்ட நிறுத்தாம இருக்க முடியுமா மாமா?"

எல்லாருக்கும் ஒரே விதி என்று விளக்கினேன். "சரி மாமா" என்றாள்.

உள்ளிருந்து சேவியரின் சிரிப்பு. கோடம்பாக்கத்தில் படப்பிடிப்பு விளக்குகள் வாடகைக்கு விடும் இடத்தில் வேலை. மழை என்றால் வீட்டில்தான். "இன்னா வாத்தியாரே, நெட்டுக்கும் பெல் அடிக்கிறியா? நல்லா அடி. கரெக்டா ஏழுக்கு நிறுத்து, இன்னா?"

இரவு உணவின்போது பிலோமினா சொன்னது: கிரேஸின் போனுக்கு அவன் ரீசார்ஜ் செய்வதில்லை. அவளுக்கு வைஃபை ஒன்றே வழி. குறித்துக்கொண்டேன். மேலே எதுவும் யோசிக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஏழு மணிக்குக் கணினியில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் அணைத்தால் வட்டு கெடும், ஆகவே அணைக்கவில்லை. செபம் தொடங்கியது. சட்டைப்பையில் என் கைப்பேசி அதிர்ந்தது. மீண்டும். மீண்டும். விதியை வகுத்தவன் நான், எடுக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்த பிறகே பார்த்தேன். எல்லாம் கிரேஸ் அனுப்பியவை.

"மாமா மேல வாங்க"
"தாப்பா போட்டுட்டாரு"
"மாமா"

ஓடினேன். கதவை உதைத்தேன். அவனே திறந்தான். கையில் பெல்ட், பக்கிள் வெளிப்புறமாக. அடுப்படிச் சுவரோரம் கிரேஸ். உதடு பிளந்து, முன்பல் இல்லை. வலது முன்கை இருக்கக் கூடாத இடத்தில் மடிந்திருந்தது. அழவில்லை. மூச்சு மட்டும் நாய்க்குட்டியைப் போல.

"ஜெபம் முடிஞ்சிட்ச்சா?" என்றான். பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தான். முகம் மாறியது. "நெட்ட நிறுத்தலியா நீ?"

என்னைத் தள்ளிவிட்டு இறங்கினான். பின்னாலேயே ஓடினேன். கூடத்தில் கணினியைத் தூக்கித் தரையில் அடித்தான். மிதித்தான். மின்விசிறிச் சில்லு கன்னத்தில் தெறித்தது. பக்கத்து வீட்டார் சுவரோடு ஒட்டி நின்றனர். பவர் கார்டை முஷ்டியில் சுற்றிக்கொண்டு மறுபடி படியேறப் போனான்.

செபப் பீடத்திலிருந்த பித்தளை மெழுகுதிரித் தாங்கியை எடுத்து அவன் நெற்றியில் அடித்தேன். விழுந்தான். மறுபடியும் அடித்தேன். முதலாவது அவனைத் தடுக்க. இரண்டாவதற்குக் காரணம் இல்லை. அடிப்பது பிடித்திருந்தது.

பிலோமினாதான் கையிலிருந்து பிடுங்கினாள்.

அக்டோபர் 17, வெள்ளி

வெயில். விடுப்பு. கிரேஸுக்கு முன்கையில் இரண்டு எலும்பும் முறிவு, மாவுக்கட்டு. எங்கள் வீட்டில், மகளின் கட்டிலில். சேவியருக்கு நெற்றியில் தையல், வேறு மருத்துவமனை.

கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சியபடி கிரேஸ் சொன்னாள்: "முன்னெல்லாம் எப்பயாச்சும்தான் மாமா. அம்மாவுக்கு வீடியோ கால் போட்ருவேன்னு அவருக்குப் பயம் இருந்திச்சி. இந்த மாசம் பயமே இல்ல. ஏழானா நெட்டு போயிடும், நீங்க கீழ பாட்டு ஆரம்பிப்பீங்க, அவரு மேல பெல்ட்ட உருவுவாரு."

என் விதி, என் கை, என் சுவிட்ச். அவனுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். சத்தம் வெளியே கேளாமல் பாடியும் கொடுத்திருக்கிறேன்.

மதியம் சேவியரின் அழைப்பு. "அண்ணே, மண்டைய ஒடச்சது நீ. சாட்சி கீது, ஊரே பாத்துச்சி. நான் ஸ்டேஷனுக்குப் போனா உனக்கு வேலை கெடையாது, பென்சன் கெடையாது. நீ மூடிக்கினா நானும் மூடிக்கிறேன். கணக்கு சரியா வர்தா வாத்தியாரே?"

அழைப்பைத் துண்டித்தேன். பிலோமினா கேட்டுக்கொண்டிருந்தாள். "வேலை போச்சுன்னா?" என்றாள். "போகட்டும்" என்றேன். அவள் எழுந்து போய்க் கிரேஸுக்குத் தலைவாரத் தொடங்கினாள்.

கணினி செத்தது, வட்டு பிழைத்தது. கிரேஸ் போனுக்கு ரீசார்ஜ் செய்தாயிற்று. புதிய ரௌட்டர் மாட்டியாயிற்று. அதை ஏழு மணிக்கு யாரும் தொடக் கூடாது.

மணி நான்கு. ஆட்டோ வாசலில். கிரேஸை அழைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையம் போகிறேன். மூன்று செய்திகளையும், அவற்றை நான் எப்போது திறந்தேன் என்பதையும் காட்டுவேன். என் இரண்டு அடிகளையும் என் கையெழுத்தில் எழுதித் தருவேன். இரண்டாவது அவன் விழுந்த பிறகு அடித்தது என்பதைச் சேர்த்தே.