கால் வீக்கம் வற்றவில்லை

12.2.2024
கம்பெனியில் இன்று கால் வழுக்கிவிட்டது. பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் அடுக்கிய பலகை தோளில் இருந்தது. அதைக் கீழே விடக்கூடாது என்று பிடித்ததில் வலது முட்டி திருகிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் முட்டி உப்பிவிட்டது. வீட்டுக்காரர் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எலும்பு உடையவில்லை, ஜவ்வுதான் கிழிந்திருக்கிறதாம். ஓய்வில் இருக்கச் சொன்னார்கள். வலிக்குச் சில நாளைக்கு மட்டும் மாத்திரை.

ஓய்வா? என் இடத்தில் வேறு ஆள் வந்து நிற்பாள்.

3.4.2024
மாத்திரை போட்டால் நிற்க முடிகிறது. போடாவிட்டால் முடியவில்லை. பழைய மாத்திரை அட்டையைக் காட்டினால் மெடிக்கலில் கொடுத்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகும்முன் ஒன்று, வந்ததும் ஒன்று.

9.7.2024
இப்போது இரண்டு பாதமும் வீங்குகின்றன. அடிபட்டது ஒரு கால்தானே? நின்றுகொண்டே வேலை பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று ராஜம்மாள் அக்கா சொன்னார். அவரும் என்னோடு கட்டைகளை க்ளேஸ் பூச்சில் முக்குகிறவர். இருக்கலாம்.

21.7.2024
கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி அப்படியே நின்றது.

2.9.2024
இனியா பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் முகத்தையே பார்த்தாள்.

"ராத்திரி அழுதியாம்மா? கண்ணெல்லாம் வீங்கியிருக்குது."

நான் அழவில்லை.

6.9.2024
ஆஸ்பத்திரியில் இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டதாம். எனக்கு ரொம்ப வருஷமாகவே பிரஷர் இருந்திருக்கும், தெரியாமல் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. அதன்மேல் இந்த வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டதால் சீக்கிரம் கெட்டுவிட்டதாம். உடம்பில் தண்ணீர் தங்குவதால்தான் கால் வீக்கம்.

"முட்டிக்குத்தானே டாக்டர் போட்டேன்?"

"முட்டிக்கு மட்டும் போகாதும்மா. உடம்பு பூரா போவும்."

சரியாகுமா என்று கேட்டேன். மேலும் கெடாமல் பார்க்கலாம் என்றார். அப்படியென்றால் சரியாகாது. ஐயோ, வலிக்குதேன்னுதானே போட்டேன். வேற என்னத்த பண்ணியிருப்பேன் நான்?

18.9.2024
உப்பு கூடாது. ஊறுகாய், கருவாடு, இளநீர் கூடாது. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். வெயில் இன்னும் குறையவில்லை.

30.11.2024
படுத்தால் மூச்சு முட்டுகிறது. டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். கழுத்தில் குழாய். வேலையிலிருந்து நின்றுவிட்டேன். நின்றுவிட்டேன் என்ன, யாரும் கூப்பிடவில்லை.

15.12.2024
மாற்றுக் கிட்னி வைத்தால்தான் டயாலிசிஸை நிறுத்த முடியுமாம். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவர் கிட்னி ஆகாது. நல்லூரிலிருந்து தம்பி பாரி வந்தான். போன மாதம், "ஒண்ணுதானக்கா, எடுத்துக்க" என்று போனில் சொன்னவன். இன்று பேசவே இல்லை. அவன் பெண்டாட்டிதான் பேசினாள்.

"ரெண்டு சின்ன புள்ளைங்க இருக்குதுங்க அண்ணி. இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா கழனிய யாரு பாப்பாங்க?"

அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். காபி போட்டுக் கொடுத்தேன். பாரி குடிக்கவில்லை.

27.1.2025
இனியாவுக்குப் பதினெட்டு முடிந்தது. பாயசம் வைத்தேன். ஒரு வாய் மட்டும் தின்றுவிட்டு, "எனக்குக் குடுக்குற வயசாயிடுச்சு. என்னுத எடுத்துக்கச் சொல்லும்மா" என்றாள்.

இதற்காகத்தான் பிறந்தநாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாளா? கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மனதிலும் அதுதான் ஓடுகிறதோ?

28.1.2025
இனியாவின் கிட்னி வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் வந்து கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொன்னேன். வேறு வழி குறைவு என்றார். தெரியும் என்றேன்.

இனியா என்னோடு பேசவில்லை.

14.3.2025
டயாலிசிஸுக்காகக் கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். இனி அதில்தான் ஊசி. தொட்டால் உள்ளே பூனை உறுமுவதுபோல் இருக்கிறது.

8.7.2025
இனியா சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்குப் போனேன். பெட்டி நகரும்போதுதான், "நேரத்துக்கு மாத்திரை சாப்புடு" என்றாள். அதுவே போதும்.

22.8.2025
டயாலிசிஸில் பக்கத்துக் கட்டிலுக்கு இன்று புதிதாக ஒரு பெண் வந்தாள். திட்டக்குடிப் பக்கம். நடவு வேலையாம், இடுப்பு வலி மாத்திரையாம். மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்தும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

இரத்தம் ஓட ஆரம்பித்ததும், "இன்னும் எத்தினி தடவ வரணுங்க்கா?" என்று கேட்டாள்.

தூங்கச் சொன்னேன்.