பத்தொன்பதாவது டேக்

9-9-2025, செவ்வாய்

காலைச் சர்க்கரை 148. கற்பகம் மைசூர்பாகு டப்பாவை இடம் மாற்றிவிட்டாள். முப்பத்து நான்கு வருஷம் பையன்கள் ஒளித்து வைத்த பம்பரங்களைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு டப்பா பெரிய காரியமில்லை.

சாயங்காலம் ஜெயப்ரியா வந்தாள். ஜெராக்ஸ் கடை தருமனின் மகள். பத்து வருஷம் சென்னையில் உதவி இயக்குநராக இருந்தவள், இப்போது சொந்தமாக முதல் படம் எடுக்கிறாள். நான் நடிக்க வேண்டுமாம்.

"என்ன வேஷம்மா?"

"வாத்தியார் வேஷம் சார்."

"வேற இன்னா வேஷம் வரும் அவருக்கு? ரேஷன் கியூவுலயே கிளாஸ் எடுக்கறவரு" என்று அடுக்களையிலிருந்து கற்பகத்தின் குரல் வந்தது.

கதை நடப்பது 1943இல், ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்ட மலாயாவில். ஒரு ரப்பர் தோட்டத்தில் மலர் என்ற பதினான்கு வயதுப் பெண். ஊரே நடுங்கும்போது அவளுக்கு மட்டும் எதைப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. எங்கே சிரிப்பது, எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொண்டே அவள் வளர்வதுதான் படம். அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு, இனிமேல் ஜப்பான் மொழிதான் என்று உத்தரவு வருகிறது. அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. இன்று படித்ததை நாளைக்கு நடத்துகிறார். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாடம் முன்னால் மூச்சிரைக்க ஓடுகிறார்.

இதில் நடிக்க என்ன இருக்கிறது? என்னுடைய முதல் வருஷம் அப்படித்தான் போயிற்று.

10-9-2025, புதன்

விசேஷம் இல்லை.

12-9-2025, வெள்ளி

சர்க்கரை 176. காரணம் தெரியவில்லை என்று கற்பகத்திடம் சொன்னேன்.

திரைக்கதையைப் படித்து முடித்தேன். இரண்டு புகார்களோடு ஜெயப்ரியாவிடம் போனேன். ஒன்று: தினமும் காலையில் எல்லோரும் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும் என்பது சட்டம், வாத்தியார் பதற்றத்தில் மேற்கே பார்த்துக் குனிகிறார். நான் புவியியல் எடுத்தவன். எனக்குத் திசை தெரியாதா?

இரண்டாவது புகார் விளையாட்டில்லை. நம் பக்கத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் கப்பலேறிப் போயின. சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவே இல்லை. அதைப் போய்ச் சிரிப்புப் படமாக எடுப்பதா?

"அவங்களும் சிரிச்சிருப்பாங்க சார். சிரிக்காம மூணு வருஷம் எப்டி இருப்பாங்க?" என்றாள். "வாத்தியார் மேற்க பாத்து குனியறாரு, புள்ளைங்கல்லாம் சிரிக்குதுங்க. ஜப்பான் அதிகாரி பாத்துகினு நிக்கறான். தன் ஆளுன்னு கையில பட்டை கட்டி உட்ட நம்ம ஊரு கங்காணி, தோட்டத்து மேஸ்திரி, வந்து வாத்தியாரை ஒரு அறை உடறான். அதுவரிக்கும் சிரிக்க வெச்சிகினே இருந்தாத்தான் சார் அந்த அறை கேக்கும்."

யோசித்தேன். கடைசிப் பெஞ்சு சத்தத்தை அடக்க நான் திடீரென்று பேச்சை நிறுத்துவேன். அதுபோல.

மேற்கே குனியச் சம்மதித்தேன்.

15-9-2025, திங்கள்

இச்சி, நி, சான், ஷி, கோ. மாடிப்படியை ஜப்பான் மொழியில் எண்ணிக்கொண்டே ஏறினேன். டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறாள் கற்பகம்.

19-9-2025, வெள்ளி

கங்காணி கிடைத்துவிட்டான். பவர்லூம் சுதாகர்! என் மாணவன். நல்ல ஆகிருதி, கொடுவாள் மீசை. நாற்பத்து மூன்று வயது ஆகிவிட்டதாம். வகுப்பில் வாயே திறக்காத பையன். ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. சிலர் இயல்பிலேயே அமைதி.

"சார் கூடயா? கொடுத்து வெச்சிருக்கணும்" என்று உருகினான். என்ன காட்சி என்று அப்போது அவனிடம் யாரும் சொல்லவில்லை.

28-9-2025, ஞாயிறு

ஆரணிக் கோட்டைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் படப்பிடிப்பு. வியாழன் வரை ஐந்து நாளுக்குத்தான் அனுமதி. முள்ளிப்பட்டிலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள், காலாண்டு விடுமுறை உற்சாகத்தில். மலராக நடிக்கும் பவித்ராவும் அந்த ஊர்தான், பத்தாம் வகுப்பு. "ஆக்கிரமிப்புன்னா இன்னா சார்?" என்று கேட்டாள். கேட்டால் விடுவேனா?

"உங்க வீட்டுக்கு ஒருத்தன் கூப்பிடாம வர்றான். நடு ஹால்ல உக்காந்து ரிமோட்டைப் புடுங்கிக்கிறான். இனிமே சோத்தைச் சோறுன்னு சொல்லாதே, நான் வெக்கிற பேரைச் சொல்லுங்கிறான். எதிர்த்துக் கேட்டா அறை."

"எங்க மாமா அப்டிதான் சார். ஆனா தீபாவளி முடிஞ்சா போயிடுவாரு."

"போகலைன்னா?"



ஜப்பான் கொடியைச் சுதாகர் தன் தறியிலேயே ஓட்டிக் கொண்டுவந்தான். வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம், எல்லாம் சரி. இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகை பார்டர்! ஜெயப்ரியா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பார்டர் இல்லாம எப்டிம்மா துணியை வெளிய அனுப்பறது? மொட்டையா கீது. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

வேறு கொடிக்கு நேரமில்லை. தூரத்திலிருந்து எடுத்தார்கள்.

29-9-2025, திங்கள்

இன்று அறை வாங்கும் நாள். வாங்கவில்லை.

முதல் டேக்: சுதாகர் வெறுங்காலோடு வந்தான். பூட்ஸ் எங்கே என்றால், "வாசல்ல கழட்டிட்டேன். சார் உள்ள கீறாரு இல்ல?" இரண்டாவது டேக்கிலும் கழற்றிவிட்டான். நாலாவதில் "டேய் வாத்தி!" என்று கத்த வேண்டியவன் "டேய்... சார்" என்றான். ஏழாவதில் ஓங்கிய கை என் கன்னம் வரை வந்து, அங்கே இல்லாத ஓர் எறும்பைத் தட்டிவிட்டுத் திரும்பியது. ஒன்பதாவதுக்கு முன்னால் காலில் விழுந்து எழுந்ததில் தலைப்பாகை அவிழ்ந்துபோயிற்று. பதினொன்றோடு கேமராமேன் வேலு சாப்பிடப் போய்விட்டார்.

ஜெயப்ரியா என்னைத் தனியாக அழைத்தாள். "வேற ஆளு போடலாம்னா, எடுத்த சீனெல்லாம் அவரோட கீது. வியாழக்கெழமயோட கட்டடமும் போச்சு. இந்த அறை இல்லன்னா படத்துல மலர் சிரிப்பை நிறுத்தறதே இல்ல சார். பத்து வருஷமா இந்த ஒரு சீனுக்காகத்தான் அலைஞ்சிகினு இருந்தேன்."

சுதாகரிடம் நான் பேசுகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டேன். என் பேச்சில் எனக்கு எப்போதும் நம்பிக்கை அதிகம்.

30-9-2025, செவ்வாய்

காலையில் அவனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். உதாரணத்தோடு ஆரம்பித்தேன். ஊசி போடுகிற நர்சுக்கு நம் மேல் கோபமா? இல்லையே. அதுபோல இதுவும் ஒரு வேலை.

"எனக்கும் கை நீட்டறது பிடிக்காதுப்பா. முப்பத்து நாலு வருஷத்துல ஒரு பையன் மேலயும் நான் கை வெச்சதில்ல. ஊருக்கே தெரியும். ஆனா இது கேமராவுக்காக."

டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒரு தடவ சார்."

"என்ன ஒரு தடவ?"

"ஒரு தடவ அடிச்சிகீறீங்க. என்னத்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். 1996, ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. ஆகஸ்டு பதினாலு, கொடியேற்றத்துக்கு ஒத்திகை. கயிறு சிக்கி, கொடி விரியாமல் மூட்டையாகவே வந்து, பூவெல்லாம் தலைமையாசிரியரின் வழுக்கைமேல் கொட்டியதாம். "எல்லாரும்தான் சிரிச்சாங்க. நான் மொத வரிசை. வந்து ஒண்ணு வெச்சீங்க."

"நானா?"

"அடிச்சதுக்கு ஒண்ணும் இல்ல சார், அப்பா அதவிட அடிப்பாரு. எதுக்கு அடிச்சீங்கன்னு கேக்கணும்னு இருந்தேன். அதக் கேக்க முடில. அதக் கேக்காம வேற எதயும் கேக்கத் தோணல. உடுங்க சார், டீ ஆறுது."

மதியம் மேலும் ஏழு டேக். ஒன்றும் தேறவில்லை. இந்தத் தடவை குற்றம் அவன்மேல் மட்டும் இல்லை. அவன் கையை எடுக்கும் முன்பே நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

நானா அடித்தேன்? இருக்கவே இருக்காது. வேறு எந்த வாத்தியாரோ. பையன் குழப்பிக்கொள்கிறான். எனக்குக் கொஞ்சம்கூட நினைவில்லையே — அப்படி ஒன்று நடந்திருந்தால் நினைவிருக்காதா? என் பழைய நாட்குறிப்புகள் எல்லாம் பரண்மேல் இருக்கின்றன. நாளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

1-10-2025, புதன், ஆயுத பூஜை

படப்பிடிப்பு இல்லை. கேமராவுக்கும் கங்காணியின் தடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கொடுத்தார்கள். ஜப்பான் கொடிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டான் சுதாகர்.

வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தால் காலி. கற்பகம் என் நாட்குறிப்புகள் முப்பத்தொன்பதையும் துடைத்து அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டாள். 1996, அடியிலிருந்து பதினொன்றாவது. மேலே குங்குமம், அதன்மேல் விளக்கு.

"அதுல ஒண்ணு மட்டும்..."

"பூஜையில வெச்சத நாளைக்குக் காத்தாலதான் எடுக்கணும். ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவருக்கு இது தெரியாதா?"

விஷயத்தைச் சொன்னேன். சுண்டலைக் கிண்டிக்கொண்டே, "அடிச்சிருப்பீங்க" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"சொதந்தர தினத்துக்கு மொத நாளு ஒரு வாட்டி கையத் தேச்சிகினே வந்தீங்க. இன்னான்னு கேட்டா, பெஞ்சுல இடிச்சிகினேன்னு சொன்னீங்க. பெஞ்சுல இடிச்சா உள்ளங்கையா செவக்கும்?"

பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவன் நான். பொழுது விடியட்டும். இன்று எழுதுவதும் தப்புதான். இந்த வருஷத்து நாட்குறிப்பை மட்டும் அவளிடம் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்தேன்.

2-10-2025, வியாழன், விஜயதசமி

விடிந்ததும் கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்தாள். விஜயதசமியன்று முதலில் படிப்பது நிலைக்கும் என்பார்கள். நான் படித்தது இது:

"14-8-96, புதன். நாளைய கொடியேற்றத்துக்கு ஒத்திகை. மேகமூட்டம். விசேஷம் இல்லை."

ஒரு நிமிஷம் நிம்மதி. அப்புறம் தலைப்பு முதல் முற்றுப்புள்ளி வரை மறுபடி பார்த்தேன். விசேஷம் இல்லை. என் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? எந்த நாளை நான் அப்படி எழுதுவேன் என்றும் தெரியாதா? போன மாதம் மைசூர்பாகு தின்ற அன்றும் அதையேதான் எழுதினேன்.

பிறகு எல்லாம் வந்தது. வழுக்கைமேல் ஒரு செவ்வந்தி. முதல் வரிசையில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு முகம். தலைமையாசிரியர் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கும் சிரிப்பு வந்ததுதான் உண்மை. அவர் பார்க்கிறார் என்று பயம். அதற்காக அந்தப் பிள்ளையை —

அதிகாரி பார்க்கிறான் என்பதற்காகக் கங்காணி அடிக்கிறான். ஜெயப்ரியா அப்படித்தான் எழுதியிருக்கிறாள். இருபது நாளாக மனப்பாடம் செய்கிறேன், உறைக்கவில்லை.

நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு போனேன். வேஷத்தோடு நின்ற சுதாகரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். அப்புறம் தொந்தி குலுங்க ஆரம்பித்தது.

"விசேஷம் இல்லியாமே சார்!"

"எதுக்கு அடிச்சேன்னு கேக்கணும்னு இருந்தியே. ஒரு காரணமும் இல்லப்பா. எச்.எம். என்னப் பாத்தாரு, பயந்துட்டேன். நீ செஞ்சதுல தப்பே இல்ல. நான் செஞ்சதுதான் தப்பு."

சிரிப்பை நிறுத்தினான். மீசையை ஒரு பக்கம் தடவினான். குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

பத்தொன்பதாவது டேக். மேற்கே பார்த்துக் குனிந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பூட்ஸ் சத்தம் வந்தது. "டேய் வாத்தி!" நிமிர்ந்தேன். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

லேசாகத் தட்டினால் போதும், சத்தம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் ஏற்பாடு. சத்தம் சேர்க்க வேண்டியிருக்காது. என் மூக்குக்கண்ணாடி மூன்றாவது வரிசையில் பவித்ரா காலடியில் போய் விழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது நடிப்பில்லை. ஜெயப்ரியா "கட்" சொல்லவே மறந்துவிட்டாள்.

சுதாகர்தான் முதலில் அசைந்தான். கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

"வலிச்சுதா சார்?"

இருபத்தொன்பது வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் அன்று அவனிடம் கேட்டிருக்க வேண்டியதும் இதுதான்.

"வலிக்குதுப்பா" என்றேன்.

3-10-2025, வெள்ளி

இடது காதில் இன்னும் வண்டு ரீங்காரம். கற்பகம் ஒத்தடம் கொடுத்தாள். "இன்னும் ரெண்டு டேக் எடுத்திருக்கலாம்" என்றாள்.

1996 நாட்குறிப்பில் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதினேன். இடம் போதவில்லை. ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதினேன்.

8-2-2026, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் ஊருக்காகப் படம் போட்டார்கள். கொடியின் பார்டர் பளிச்சென்று தெரிந்தது. "ஜப்பான்காரனும் நம்ப ஆரணியிலதான் ஜவுளி எடுத்துகீறான்" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, மண்டபமே அதிர்ந்தது. நான் மேற்கே குனிந்தபோது இன்னும் பெரிய சிரிப்பு. பிறகு அந்த அறை. ஒரு கைக்குழந்தை மட்டும் எங்கோ சிணுங்கியது. ஜெயப்ரியா திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுதாகர் இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறான். படம் முடிந்த கையோடு இன்றும் வந்தான். "சார், ஒரு டவுட்டு." மலாயாவில் பிடித்த இடத்தை ஜப்பான்காரன் எப்போது விட்டான்? விட்டவுடன் அந்தக் கங்காணியை ஊரில் என்ன செய்திருப்பார்கள்? மன்னிச்சிருப்பாங்களா? முதலாவதுக்குப் பதில் சொன்னேன். மற்ற இரண்டும் எனக்குத் தெரியவில்லை, படித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். ஒரு பாடம் முன்னால் ஓட வேண்டியிருக்கிறது.

சர்க்கரை 169. மைசூர்பாகு இரண்டு துண்டு. ஒன்று சுதாகர் வற்புறுத்தியது, இன்னொன்று நானே எடுத்தது.