மூன்று மில்லிமீட்டர்

அக்டோபர் 18, சனி

விடிந்ததிலிருந்து மழை. தோல் பதனிடும் ஷெட்டு நாற்றம் படுக்கையறை வரை. மாடல் கார்களுக்குப் பெயின்ட் வேலை எதுவும் முடியாது. இந்த ஈரத்தில் அடித்தால் காயும்போது பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும். அவசரப்பட்டு ஒரு பச்சை ஜீப்பை அப்படிக் கெடுத்தேன்.

சாமு போன், கனடாவிலிருந்து. 1ஆம் தேதி வருகிறான். கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்குக் கல் வைக்கிறானாம். கறுப்பு கிரானைட். சொல்லியாகிவிட்டதாம்.

"நீ வந்து நின்னா போதும்மா."

"நான் வரவில்லை."

"மூணு வருஷம் ஆச்சும்மா. இன்னுமா கோவம்?"

இன்னும்தான். அவர் கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லி அப்போது ஆறு மாதம். ஆபரேஷனுக்கு நான் தேதி வாங்கினேன், அவர் இரண்டு முறை தள்ளிப்போட்டார். சாமுவுக்கு விசா வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து திரும்பும்போது, மழையில், பள்ளிகொண்டா தாண்டி, வேலை முடிந்து மொபெட்டில் போன பெண்ணை இடித்து, புளியமரத்தில் மோதி. தானும் போனார், அவளையும் கொண்டுபோனார். இருபத்திரண்டு வயது. பெயர் ரேவதி. பக்கத்தில் இருந்த சாமுவுக்கு நெற்றியில் நான்கு தையல். அதற்கு மட்டும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அடக்கத்துக்குப் பிறகு அந்தக் கல்லறைப் பக்கம் போகவில்லை.

போனை வைத்ததும் வீட்டு வேலை செய்யும் கஸ்தூரியிடம் பரண் மேல் இருக்கும் பெட்டியை இறக்கச் சொன்னேன். எங்கள் வெள்ளைக் காரின் மாடல் கிட், துண்டு துண்டாக ஒட்டிச் செய்வது. அவர் எழுபதாவது பிறந்தநாளுக்கென்று தொடங்கி, பாதியில் நின்றது. அலமாரியில் அறுபத்திரண்டு கார்கள். முடிக்காதது இது ஒன்றுதான். கல்லுக்குப் போகமாட்டேன். வேலையை முடித்துவிடுகிறேன்.

கஸ்தூரி: "பேரப் புள்ளைங்க வெளாட்ற சாமான வெச்சி நீ வெளாட்றியேம்மா."

"விளையாட்டு இல்லடி. தூசு தட்டும்போது அந்தச் சிவப்புக் காரின் கண்ணாடியைத் திருப்பியிருக்கிறாய்."

"நான் எங்க திருப்பனேன்? காத்துல திரும்பிக்கிச்சி."

அரிசிப் பருமன் கண்ணாடி. காற்றுக்கு வேறு வேலை இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. கஸ்தூரிக்கு லீவு. மழை விட்டது.

பெட்டியில் ஜப்பானியப் பெயர். நம் ஊரில் வேறு பெயரில் ஓடிய கார். உடம்பு ஒன்றே. இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஸ்டீயரிங் வலப்பக்கமே இருப்பது பெரிய நிம்மதி. மற்ற தேசத்து கிட் என்றால் அறுத்து மாற்றவேண்டும்.

முடிந்தவை: உடம்புக்கு உப்புத்தாள், பிரைமர். அடிச்சட்டம் கறுப்பு. சக்கரம் நான்கு.
மீதி: வெள்ளை பெயின்ட் (வெயில் வந்தால்). சீட். பெல்ட். கண்ணாடிகள். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும். சூப்பர் பசை பட்டால் மங்கிவிடும்.

சிக்கல் சீட் உறை. ஷூ கம்பெனியில் நான் தரம் பார்த்த காலத்தில் கழித்துவிட்ட தோலை வாங்கித் தைத்தது. காவி நிறம், முதுகில் கறுப்பு வரிகள். ஐந்தா, ஆறா? நினைவில்லை. வீட்டு போட்டோக்கள் எல்லாம் வெளியே நின்று எடுத்தவை, மாலை போட்டுக்கொண்டு. கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. தெரியாமல் வரி போடமாட்டேன். நாற்பது வருடம் ஒரு தையல் தப்பினால் ஜோடியையே தள்ளியவள் நான்.

உள்பக்க போட்டோ ஒரே இடத்தில்தான் இருக்கும். விபத்துக் கேஸ் ஃபைலில். வக்கீல் குமாஸ்தா கொடுத்துவிட்டுப் போனபடி பீரோவில் இருக்கிறது. பிரித்ததில்லை.

பிரிக்காததற்குக் காரணம் ரேவதியின் அம்மா. வேலூர் கோர்ட்டு வராந்தாவில், எல்லோர் முன்னாலும்: "கண்ணு தெரியாத கெழவன் கையில கார குட்த்து அனுப்பிச்சியே, நீயும் ஒரு புள்ளைய பெத்தவ தானே?"

என் கணவர் செய்த தவறுக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். யாரிடமும் அப்படித் தலை குனிந்ததில்லை. சாமு அப்போது கனடாவில்.

அக்டோபர் 23, வியாழன்

பிரித்தேன். போலீஸ் எடுத்த போட்டோ பதினான்கு. மூன்றாவதில் டிரைவர் சீட் முழுதாக. வரி ஆறு. சந்தேகம் தீர்ந்தது.

லென்ஸை எடுத்து உள்ளே வைக்கப்போனவள், வைக்கவில்லை.

அவர் ஐந்தடி இரண்டங்குலம். சீட்டை நன்றாக முன்னால் இழுத்து, முதுகுக்குத் தலையணை வைத்துத்தான் ஓட்டுவார். சர்வீஸ் விட்டு வந்தால் ரகளை. "எவன்டா என் சீட்ட தள்ளினது?" அந்தத் தொல்லைக்கு நான்தான் வழி செய்தேன். சீட் நகரும் தண்டவாளத்தில் என் எனாமல் பெயின்டில் சிவப்புப் பொட்டு ஒன்று. சீட்டின் முன்கால் பொட்டை மறைத்தால் அவர் இடம். அதன்பின் சத்தமில்லை.

போட்டோவில் பொட்டு தெரிகிறது. பளிச்சென்று, வெட்டவெளியில். சீட் அதற்கு நான்கு விரல் பின்னால்.

அவரை வெளியே எடுக்க சாமு தள்ளியிருப்பான். அதுதான். வேறென்ன.

அளந்து எழுதிக்கொண்டேன். நான்கு விரல் என்றால் கிட்டில் மூன்று மில்லிமீட்டர்.

சாமு ஆறடி.

அக்டோபர் 25, சனி

வெயில். வெள்ளை இரண்டு கோட். நன்றாக வந்திருக்கிறது.

சாமுவை நானே கூப்பிட்டேன்.

"அப்பாவை வெளியே எடுக்கும்போது சீட்டைப் பின்னால் தள்ளினாயா?"

"இல்லம்மா. கதவ தெறந்து அப்படியே இழுத்துட்டேன். ஏன்?"

"சீட் ஒட்டவேண்டும். எந்த இடத்தில் என்று பார்க்கிறேன்."

"எந்த சீட்டு?"

"காரைச் செய்துகொண்டிருக்கிறேன்."

அவனுக்கு மீட்டிங் இருக்கிறதாம், அப்புறம் பேசுகிறானாம். அங்கே சனிக்கிழமை.

இரவுச் சாப்பாடு வேண்டாமென்று கஸ்தூரியிடம் சொன்னேன். "காத்தால இருந்து ரெண்டு இட்லிதான் துன்ன. பேஜார் பண்ணாத, மயக்கம் போட்டு வுழுந்தா நான்தான் தூக்கணும்." ஒரு தோசை தின்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

மறுபடி மழை. சீட் உறை முடிந்தது. தோல் வைக்கவில்லை. எவ்வளவு சீவினாலும் தோலின் துளை இந்த அளவுக்குப் பெரிது, யானைத் தோல் போலிருக்கும். பெயின்ட்தான் சரி. வரி ஆறு.

பிறகு பெல்ட். கறுப்பு டேப், இரண்டு மில்லிமீட்டர் அகலம். டிரைவர் பெல்ட் வலது கதவுத் தூணிலிருந்து வரும். வலது தோள் மேலாக இடது இடுப்புக்கு. ஒட்டினேன். பக்கத்து சீட்டுக்கு எதிர்ப்புறம். இடது தூண், இடது தோள், வலது இடுப்பு.

பாதி ஒட்டியிருந்தேன். இடுக்கியைக் கீழே வைத்தேன்.

அவருக்குக் கடைசிச் சட்டை போட்டுவிட்டது நான். இடது தோள் வீங்கி, சட்டைக் கை ஏறவில்லை. காரை எலும்பிலிருந்து வலது விலா வரை கறுநீலமாக ஒரு பட்டை. மூன்று விரல் அகலம். ஸ்டீயரிங் இடித்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். தோலில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்தவள்.

இடது தோள். அவர் பக்கத்து சீட்டில் இருந்தார்.

சாமு கனடாவுக்குப் போனது அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள். நல்ல பிள்ளை, அழுதுகொண்டே போகிறான் என்று சர்ச்சில் சொன்னார்கள். வேண்டாம் இருந்துவிடு என்று நான் சொல்லாததற்கு என்னையும் புகழ்ந்தார்கள்.

கோர்ட்டு வராந்தாவில் நான் யாருக்காகத் தலை குனிந்தேன்?

அக்டோபர் 30, வியாழன்

கண்ணாடிகள் ஒட்டினேன். கதவு, விளக்கு, நம்பர் பலகை.

டிரைவர் சீட் மட்டும் ஒட்டவில்லை. பசை வைத்தால் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். பிறகு உடைத்தால்தான் உண்டு.

நவம்பர் 1, சனி

சாமு காலை பத்துக்கு வந்தான். இளைத்திருக்கிறான். தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. ரசம், முட்டைப் பொரியல். வேறு எதுவும் செய்யவில்லை. கஸ்தூரிக்கு என் மேல் கோபம்: "புள்ள வந்துக்குது, ஒரு கறி எடுக்கக் கூடாதா?"

சாப்பிட்டதும் மேஜைக்குக் கூப்பிட்டேன். காரின் கூரையை இன்னும் மூடவில்லை. சீட்டைத் தனியே தட்டில் வைத்திருந்தேன். பக்கத்தில் இடுக்கி.

"எல்லாம் முடிந்தது. இது ஒன்று பாக்கி. நீ வை."

குனிந்து பார்த்தான். இடுக்கியால் எடுத்து, நன்றாக முன்னால் வைத்தான்.

"அப்பா இங்கதானேம்மா உக்காருவாரு."

"ஆமாம். அன்றைக்கு?"

இடுக்கியை வாங்கி சீட்டைப் பின்னால் தள்ளினேன். மூன்று மில்லிமீட்டர். மூன்றாவது போட்டோவைப் பக்கத்தில் வைத்தேன்.

மழைச் சத்தம். கஸ்தூரி பாத்திரம் கழுவும் சத்தம்.

"மழ புடிச்சதும் வண்டிய ஓரங்கட்டிட்டாரும்மா. 'கண்ணு கூசுதுடா. இத்தோட ஓட்டினேன்னு தெரிஞ்சா உங்கம்மா என்ன உரிச்சிடுவா, நீ ஓட்டு'ன்னாரு. சிரிச்சிக்கிட்டுதான் சொன்னாரு."

நான் உட்கார்ந்தேன்.

"அந்தப் பொண்ணு எங்கிருந்து வந்தான்னே தெர்லம்மா. எறங்கிப் பாத்தா ரெண்டு பேரும்... பையில விசா இருந்துச்சு. போனவருக்கு இனிமே என்னா ஆயிடப் போவுதுன்னு, அப்பாதான் ஓட்டினாருன்னு சொல்லிட்டேன்."

என்ன ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை. மூன்று வருடம்.

நவம்பர் 2, ஞாயிறு

தூறல். பூசை முடிந்து கல்லறைக்குப் போனேன். எல்லாக் கல்லறையிலும் சுண்ணாம்பு, சாமந்தி. இவருடையதில் புதுக் கல், பாலிதீன் கூடப் பிரிக்காமல். பிரித்தேன். பெயரில் எழுத்துப்பிழை இல்லை. மெழுகுவர்த்தி மூன்று தடவை அணைந்தது. நான்காவது தடவை குடையைப் பிடித்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். இங்கே எழுதமாட்டேன்.

சாமு தள்ளி நின்றான்.

திரும்பும் வழியில் சொன்னேன். நாளைக் காலை ஒடுகத்தூர். ரேவதி வீட்டுக்கு. பள்ளிகொண்டாவில் பஸ் மாறவேண்டும்.

"போலீஸு, கேஸு எல்லாம் திரும்ப வரும்மா."

"வரட்டும்."

"அஞ்சாம் தேதி எனக்கு ஃப்ளைட்டு."

"தெரியும்."

"எனக்கு அங்க ஒரு குடும்பம் இருக்குமா."

"அந்த அம்மாவுக்கும் இருந்தது."

வீடு வந்ததும் அறைக்குள் போய்விட்டான்.

மாலை நான்கு மணி வெளிச்சத்தில் கடைசி வேலை. தண்டவாளத்தில் ஊசிமுனையால் சிவப்புப் பொட்டு வைத்தேன். காய்ந்ததும் சீட்டின் முன்கால் பொட்டை மறைக்கும்படி வைத்து ஒட்டினேன். அவர் இடம். கூரையை மூடினேன். பொட்டு இனி யாருக்கும் தெரியாது. இருக்கிறது.

அறுபத்து மூன்று.

காலை பஸ் 6.40. மழை நிற்கும் போலில்லை. வாசலில் இரண்டு குடை எடுத்து வைத்திருக்கிறேன். சாமு இன்னும் கதவைத் திறக்கவில்லை.