பூச்சாடியைப் பார்த்துப் பேசமாட்டேன்

ஹாலிவுட், செவ்வாய்

என் செல்லத் தங்கைக்கு,

ஆத்திரத்தில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். ஊமைப்படங்களில் நான் கதாநாயகன் தோளில் சாய்ந்து அழும்போதெல்லாம் "சாப்டியாடி?" என்று உன்னைத்தானே கேட்பேன்? தியேட்டரே அழும், காது கேட்காத நீ மட்டும் என் உதட்டைப் படித்துச் சிரிப்பாய்.

இன்று என் முதல் பேசும்படம். மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள். டைரக்டர் ஹாஸ்கெல் கத்தினார்: "ஏம்மா, சாடியப் பாத்துப் பேசு! மூஞ்சி தெரியாட்டி என்ன, குரல் கேட்டாப் போதும்!"

ஐந்து முறை எடுத்தார். ஐந்து முறையும் கேமராவைப் பார்த்துத்தான் பேசினேன். பிறகு அவர் சொன்னதை எழுதப்போவதில்லை. பெட்டி கட்டியாயிற்று.

வெள்ளிக்கிழமை நம் ஊர் ஒமாஹா ரயிலடிக்கு வா. ஜன்னலிலிருந்தே கேட்பேன், சாப்பிட்டாயா என்று. இந்தமுறை நீ பதில் சொல்லலாம்.

உன் அக்கா