பெட்டிக்குள் இருந்த தாள்

ஆவணி 12, வியாழன்

ஒர்க்ஷாப்புக்கு வந்த சிவப்புக் காரில் பிரேக் வேலை முழுக்க நான் பார்த்தது. சக்கரம் பூட்டும் ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, புது பிரேக் டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் மாட்டினேன். இரண்டும் ஒன்றோடொன்று படிய வேண்டுமென்றால், வேகமாக ஓட்டி, நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்து, திரும்பத் திரும்பப் பிரேக் பிடிக்க வேண்டும். எனக்குப் பிடித்த வேலையே அதுதான். முதலாளி சாவியை என்னோடு வேலை பார்க்கும் சேகரிடம் கொடுத்தார். ஏழு வருடமாக அப்படித்தான் கொடுக்கிறார்.

வண்டியை எடுக்கும்முன் சேகர் கேட்டான். "ரேஸ் பேடாமே இது, எதுனா பாத்துக்கணுமாபா?"

சூடேறிய பிறகு பிரேக்கை மிதித்தபடி நிற்கக் கூடாது, நின்றால் டிஸ்க்கில் பேடின் அச்சு விழுந்து, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும். பேடு வந்த பெட்டிக்குள் இருந்த தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. அதைப் படித்தவன் நான் மட்டும்தான்.

"ஒண்ணும் இல்லபா, ஓட்டு" என்றேன்.

செவிலிமேட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் மிதித்துக்கொண்டே நின்றிருக்கிறான். திரும்பி வந்தபோது பிரேக் பிடித்தால் பெடல் அதிர்ந்தது. ஹப்பில் துரு மிச்சமிருந்தாலும் அப்படித்தான் அதிரும்; முதலாளி என்னைத்தான் பார்த்தார்.

"ஹப்ப ஒழுங்கா தொடச்சியாடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் முந்திக்கொண்டான். "இவன் மாட்டுனா தப்பு இருக்காதுணா. நான்தான் ஓட்டச்சொல்ல எங்கியோ சொதப்பிட்டேன். நாளைக்கு இவனே ஓட்டிப் பாக்கட்டும்."

முதலாளி சாவியை என் கையில் கொடுத்தார்.

இத்தனை வருடம் ஏங்கிய சாவி. இதுவும் சேகர் கொடுத்ததாகத்தான் ஆனது.