பதினான்கு அங்குலம்

இன்று காலை நம் மகன் சுரேஷ் வீட்டு ஹாலைப் படம் எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அழகான வீடுகளைப் பற்றி எழுதும் ஏதோ ஓர் இணையப் பக்கமாம். டீ மேசை மேல் உன் புத்தகம் இருந்தது. தோட்டத்து ஆபீசில் மிஞ்சிய, ஆள் வருகை குறிக்கும் பெரட்டுப் புத்தகத்தில், ஆள் பெயர் எழுத வேண்டிய கட்டங்களின் மேல், பழைய பத்திரிகைகளில் வெட்டிய அறைப் படங்களைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்தாயே, அதேதான். அதன் மேல் காய்ந்த பூங்கொத்து ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள் மருமகள்.

"எங்க அத்தைதான் எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்," என்றாள் அவர்களிடம்.

சுரேஷ் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

இதை அடுப்படிக்குப் பக்கத்து அறையிலிருந்து எழுதுகிறேன். நீ கடைசி நான்கு மாதம் கிடந்த அறை. ஹாலில் சன்னலோரம் உன் கட்டிலைப் போடச் சொல்லிக் கேட்டாய். நான் உன்னிடம் பொய் சொன்னேன். அதைத் திருத்த வேண்டும். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். நீ பொறுமையில்லாதவள், இருந்தாலும் கேள்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. நமக்குக் கிடைத்தது லயத்து வரிசை வீடுகளில் கோடி வீடு. முன்னறை பத்தடிக்குப் பத்தடி என்றார்கள். அளந்து பார்த்தேன், ஒரு பக்கம் ஒன்பதே முக்கால்தான். தரைக்கு விரிக்க நீ சிரம்பானிலிருந்து ஒரு சுருள் திக்கார் கெத்தா ரப்பர் விரிப்பைத் தூக்கி வந்தாய், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது. நான் மூலை மூலையாக அளந்து பென்சிலால் கோடு போட்டேன். மறுபடி அளந்தேன். மூன்றாம் முறை நாடாவை எடுத்தபோது நீ என் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கினாய்.

"அளந்தது போதும் கிராணியாரே. ஒங்களுக்கு அளக்கத்தான் தெரியும், வெட்டத் தெரியாது."

நீ வெட்டினாய். சுவரோடு சுவராக உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தபோது, "அளவு எங்க வீட்டுக்காரரோடது. அதுல மட்டும் தப்பு வராது," என்றாய். நீ என்னைப் புகழ்ந்து வேறு ஏதும் சொன்னதாக நினைவில்லை. மறந்தும் இருக்கலாம்.

உள்சுவருக்கு நீலச் சாயம் வேண்டும் என்றாய். தோட்டத்தில் வெள்ளை மட்டும்தான் அடிக்கலாம். அனுமதி கேட்டு மேனேஜருக்கு மனு எழுதினேன். நல்ல மனு. மூன்று நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் நான் வேலை விட்டு வந்தபோது சுவர் நீலமாக இருந்தது. உன் முழங்கை வரை நீலம். மேனேஜர் கடைசிவரை கவனிக்கவே இல்லை. மனு துவைக்கும்போது கரைந்து போயிற்று.

தீபாவளிக்கும் பெருநாளுக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் நீ நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிடுவாய். பெரிய கிராணி வீட்டு ஹாலில் புதுக் குளிர்பெட்டி நின்றது. அதன் மேல் பின்னல் துணி, பிளாஸ்டிக் ரோஜா.

"ஐஸ்பெட்டிக்குச் சேல கட்டி நிக்க வச்சிருக்காங்க. தாலிதான் பாக்கி," என்று என் காதில் சொன்னாய். அதை அவர் மனைவியும் கேட்டுவிட்டார். ஆறு மாதம் பெரிய கிராணி எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ அதற்கும் சிரித்தாய்.

நீ குறை சொல்லாத ஒரே வீடு ரெம்பாவில் இருந்தது. தோட்டத்து லோரி ஓட்டிய மலாய்க்காரரின் மரவீடு. முன்கூடத்துச் சன்னல்கள் தரைவரை இறங்கியிருந்தன. உட்கார்ந்தாலும் படுத்தாலும் வெளியே தெரியும், காற்று காலடியில் வரும். அந்தச் சன்னலோரம் மெத்தை போட்டு, எழ முடியாத அவருடைய தாயாரைப் படுக்க வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் அந்த அம்மாவின் கையைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அவர் படுத்தபடியே யாருக்கு என்ன பலகாரம் போகவில்லை என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: "வீடுன்னா அதுதாங்க. நான் படுத்துட்டா என்னையும் அப்பிடிப் போடுங்க. தெருவப் பாத்துக்கிட்டு, வர்றவன் போறவனத் திட்டிக்கிட்டுக் கெடக்கணும்."

நான் சரி என்றேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்காது என்று அப்போது நினைத்தேன்.

சுரேஷ் சுங்கை காடுட் தொழிற்சாலையில் பொறியாளராகி, இந்தத் தொடர்வீட்டை வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகச் செய்தான். சாம்பல் நிறச் சுவர், மேற்கூரைக்குள் ஒளிந்த விளக்கு, ட எழுத்தைப் போல மடிந்து சன்னலோரம் முழுக்கப் பிடித்த சோபா. எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். நீ வாசலிலேயே நின்று பார்த்தாய்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. நர்ஸத்தான் காணோம்."

மருமகள் சிரிக்கவில்லை. அவள் எதையும் மறக்காத பெண்.

குளியலறையில் விழுந்து உன் இடுப்பெலும்பு முறிந்தபின் இந்த அறையில்தான் கட்டிலைப் போட்டார்கள். மேலே அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் வைக்கும் பரண். சன்னலைத் திறந்தால் பின்சந்தின் மதில். பத்து நாள் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய்.

"ஹால்ல சன்னல்கிட்டப் போடச் சொல்லுங்க," என்றாய் பதினோராம் நாள். "ஒங்க மவன்கிட்ட நீங்கதான் கேக்கணும். நான் கேட்டா சண்டையாயிரும்."

அவர்கள் வேலைக்குப் போனபின் அளந்தேன். மூலையிலிருந்து வாசல் நிலை வரை ஏழடி எட்டங்குலம். கட்டில் ஆறரை அடி. சோபாவை மூன்றடி உள்ளே தள்ளினால் போதும். வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பதினான்கு அங்குலம் மிஞ்சும். கட்டம் போட்ட தாளில் அடிக்கு அரை அங்குலம் என்று வரைந்தேன். கட்டிலுக்குள் தலையணையையும் வரைந்தேன். அது தேவையில்லாதது.

அன்று மாலை பேச்சை எடுத்தேன். முழுக்கச் சொல்லக்கூட இல்லை.

"அப்பா, சோபாவ நவுத்த முடியாது லா," என்றான் சுரேஷ். "லைட் எல்லாம் அதுக்குப் பாத்துத்தான் வச்சிருக்கு."

மருமகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு அத்தைதானே சொன்னாங்க மாமா? கட்டிலயும் கொண்டாந்து போட்டுட்டா சரியாப் போயிரும்."

காகிதம் சட்டைப்பையில் இருந்தது. கை அதுவரை போயிற்று. பிறகு நான் சொன்னது: "அதுவும் சரிதான்."

நீ விழித்துக்கொண்டு காத்திருந்தாய். "என்ன சொன்னான்?"

அவன் மறுத்துவிட்டான் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ படுக்கையிலிருந்தே கத்தியிருப்பாய், அவனுக்கும் கேட்டிருக்கும். அதற்கு நான் பயப்படவில்லை. "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று அடுத்து கேட்பாயே, அதற்குத்தான் பயந்தேன்.

"அளந்து பாத்தேன். எடம் பத்தல," என்றேன். "கட்டிலப் போட்டா வாசல அடைக்குது."

என்னையே பார்த்தாய். "எத்தன அங்குலம் பத்தல?"

வேறு எண் எதுவும் எனக்கு வரவில்லை. "பதினாலு," என்றேன்.

"நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்," என்று மதில் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதன்பின் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. நான்கு மாதம் என்னை ஒரு வார்த்தை திட்டாமல் இருந்தாய்.

நீ போன நாள், சவப்பெட்டி வருவதற்கு முன் சோபாவை வெளியே எடுக்க வேண்டும் என்றார்கள். சுரேஷும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூவரும் தூக்கினார்கள். எதையும் பார்க்க முடியாதபோது நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். நான்கு நிமிடம் ஆயிற்று.

பெட்டியைச் சன்னலோரம் வைத்தார்கள். அதுவும் ஏறக்குறைய ஆறரை அடி. வாசல் நிலைக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு மிஞ்சியது என்று நாடா இல்லாமலே எனக்குத் தெரிந்தது. தோட்டத்து ஆட்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். எல்லோரும் முதலில் உன்னிடம் வந்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. சன்னலில் தெரு நன்றாகத் தெரிந்தது. சுரேஷ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அழுதான். நிஜமாகத்தான் அழுதான். ஒருவர் என் தோளைத் தட்டி, "ஹால் நல்ல விசாலம் சார், வசதியாப் போச்சு," என்றார்.

கருமாதிக்குப் பின் சோபா உள்ளே வந்தது. மருமகள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். "மூணடி உள்ள தள்ளியே இருக்கட்டும். சன்னல் பக்கம் காலியா இருந்தா காத்தோட்டமாத் தெரியுது, இல்ல மாமா?"

ஆமாம் என்றேன்.

அந்த இடத்தில் தினமும் காலையில் என் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருகிறேன். இன்றும் உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்த பெண் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? நீங்களும் படத்துல வர்றீங்க. அந்தக் காலி எடந்தான் இந்த ஹாலுக்கே அழகு."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

அந்தக் காகிதம் இப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்ததைப் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். சட்டை மாற்றும்போது அதையும் எடுத்து மாற்றி வைத்துக்கொள்கிறேன், மனுவைப் போல இது கரைந்துவிடக் கூடாது. சுரேஷிடம் காட்டலாமா என்று இன்றும் நினைத்தேன். ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போனபின் அவன் களைத்திருந்தான்.

எத்தனை அங்குலம் என்று கேட்டாயே. பதினான்குதான். குறைச்சல் இல்லை, மிச்சம்.